ஏழாம் துண்டு

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் சந்தேகக்கா என்று பெயர். நேரில் பார்த்தால் வெறும் அக்கா. முதுகைத் திருப்பினால் முன்பாதியும் வந்து ஒட்டிக்கொள்ளும். அது அவளுக்கும் தெரியும். முதலில் அந்தப் பெயரை வைத்தது யார் என்பதில் மூன்று பேர்மேல் அவளுக்கு ஒரு கண் இருந்தது.

பொருந்தாத பெயர் என்று சொல்லிவிட முடியாது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது பூட்டை இழுத்துப் பார்ப்பாள். படியிறங்கிப் போய், திரும்பி ஏறி வந்து, இன்னொரு தரம் இழுப்பாள். மோந்து பார்க்காமல் பாலை அடுப்பில் வைத்ததே கிடையாது. மகள் பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கிக்கொண்டு வந்தால், "கூட்டிப் பார்த்தியா? டீச்சர் தப்பாக் கூட்டியிருக்கப் போறாங்க" என்பாள்.

"ஒரு நாளாவது சந்தோஷப்பட்டுட்டு அப்புறமா கூட்டக் கூடாதாம்மா?" என்று மகள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு மட்டும் இந்தக் குணத்தில் குறை தெரியவில்லை. "எங்க வேலைக்கு வந்திருக்க வேண்டிய ஆளு" என்று சிரிப்பார்.

இந்தக் குணம் பிறவியிலேயே வந்ததல்ல. பள்ளியில் அவள் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, அம்மாவுக்கு இரத்தத்தில் பெரிய கோளாறு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மருந்து கொடுத்தார்கள். மருந்து உள்ளே போகப் போக அம்மா பாதியாக இளைத்துப் படுத்த படுக்கையானாள். சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அம்மாவுக்கு அந்த நோயே இல்லை என்று. பரிசோதனைச் சாலையில் இரண்டு பேருடைய இரத்தக் குழாய்கள் இடம் மாறிப் போயிருந்தன. அம்மா எழுந்து உட்கார்ந்தாள், வீட்டில் எல்லாருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. அவள் மட்டும், "அப்படின்னா அந்த இன்னொருத்தர் என்ன ஆனாரு?" என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. நோய் இருந்தும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட அந்த முகம் தெரியாத ஆளை அவள் இன்றுவரை மறக்கவில்லை. பரிசோதனைச் சாலை வேலைக்கே படிப்பது என்று அவள் முடிவெடுத்தது அந்த வருஷம்தான்.

வேலை கிடைத்தது ஒரு பல்கலைக்கழகத்தில். பின்புறக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், நீண்ட நடையின் கடைசி அறை. கதவைத் திறந்ததுமே மாவு புளித்த வாசனை வரும். அந்த அறையில் வளர்வது ஈஸ்ட். ரொட்டியை உப்ப வைக்கிற அதே நுண்ணுயிர்தான். ஆனால் இங்கே அதற்கு வேறு வேலை.

டி.என்.ஏ. என்பது நீண்ட நூல். ஈஸ்ட்டின் உடம்புக்குள் அந்த நூல் அறுந்துவிட்டால் அதுவே ஒட்டுப் போட்டுக்கொள்ளும். வெளியிலிருந்து நாம் துண்டு துண்டாக நூலைக் கொடுத்து, ஒவ்வொரு துண்டின் முனையும் அடுத்த துண்டின் முனையோடு கொஞ்சம் ஒத்துப்போகும்படி செய்துவிட்டால், ஈஸ்ட் அவற்றையும் தன் சொத்து என்று நினைத்து வரிசையாகச் சேர்த்து ஒரே வட்டமாக்கிக் கொடுத்துவிடும். கையால் சேர்க்கவே முடியாத நீளத்தைக்கூட அது சேர்க்கும். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா, மருந்தாகப் பயன்படக்கூடிய ஒரு பொருளைத் தயாரிக்கிறது. அதற்கான செய்முறை முழுவதும் எழுதியிருக்கிற நீண்ட டி.என்.ஏ.வைப் பன்னிரண்டு துண்டாகக் கொடுத்து ஈஸ்ட்டுக்குள் சேர்ப்பதுதான் அந்த அறையின் வேலை. வட்டம் ஒன்று உள்ளே இருக்கும் ஈஸ்ட் மட்டுமே வளரக்கூடிய உணவைத் தட்டில் ஊற்றி உறைய வைத்து, அதன்மேல் ஈஸ்ட்டைப் பரப்பி, கதகதப்பான பெட்டிக்குள் வைப்பார்கள். சில நாளில் வெள்ளைப் புள்ளிகள் முளைக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு குடும்பம்.

சொல்வதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. அவள் தட்டில் முளைத்ததோ விரல் விட்டு எண்ணக்கூடிய புள்ளிகள். அவற்றிலும் பாதிக்குமேல் ஏமாற்று வேலை. நடுவில் இருக்க வேண்டிய துண்டுகளை எல்லாம் விட்டுவிட்டு, ஈஸ்ட் இரண்டு ஓரங்களை மட்டும் ஒட்டி, வெறும் வட்டத்தை வைத்துக்கொண்டு வளர்ந்திருக்கும். இதே வட்டத்தை வேறொரு ஊரில் உள்ள ஆய்வுக்கூடம் பெரும்பாடு பட்டு ஒரே ஒரு தரம் செய்து முடித்திருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதில் ஒரு குப்பியை இவர்களுக்கும் அனுப்பியிருந்தார்கள். மூலவட்டம் என்று பெயர் எழுதி அதை ஃப்ரீசரின் அடித்தட்டில் வைத்திருந்தாள். மூலவட்டம் கையில் இருக்கும்போது எதற்கு இன்னொன்று என்று கேட்பவர்களிடம் பேராசிரியர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "ஒரு தரம் செஞ்சா அதிர்ஷ்டம். கேட்டப்பல்லாம் செஞ்சாத்தான் முறை. நமக்கு முறை வேணும்."

இப்படி இழுபறியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் விசில் வந்து சேர்ந்தான்.

முப்பதைத் தாண்டியவன், முனைவர் பட்டம் வாங்கி வேறு ஓரிடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். வேலை ஓடினால் உதட்டுக்குள்ளேயே மெல்ல விசிலடிப்பான். பேர் அதிலிருந்து வந்தது. முதல் நாளே எல்லாரையும் முறை வைத்துக் கூப்பிட ஆரம்பித்தான். அவளை அக்கா என்றான். அவளும் தம்பி என்றாள். ஆனால் வேலை ஓடுகிறது என்று ஒருவன் ஊருக்கே தெரியும்படி விசிலடிப்பதில் அவளுக்கு உடன்பாடில்லை. ஓடுகிறதா இல்லையா என்று தட்டு சொல்லட்டுமே!

வந்து சில வாரத்திலேயே தட்டு சொன்னது.

"அக்கா, இங்க வந்து பாருங்களேன்!"

அவன் கையிலிருந்த தட்டில் உளுந்தைக் கொட்டினாற்போல் புள்ளிகள். பக்கத்து அறையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தட்டை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் நின்றார். அது அவருடைய சந்தோஷம்.

"இதுல எத்தனை நிஜம்?" என்று கேட்டாள் அவள்.

"எடுத்துச் சோதிச்சுப் பார்த்த எல்லாமே நிஜம்க்கா. பன்னிரண்டு துண்டும் இருக்கு."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

அந்த ஒரு வார்த்தை அவளுக்கு உறுத்தியது. பத்துக்கு ஐந்து என்று சொல்லியிருந்தால் அவளும் கை தட்டியிருப்பாள். ஈஸ்ட் அவ்வளவு நல்ல பிள்ளை கிடையாது.

அதன்பிறகு அவள் கண் அவனை விட்டு நகரவில்லை. எல்லாரும் வருவதற்கு முன்பே வந்து முக்கால்வாசி வேலையை முடித்துவிடுகிறான். யாராவது பக்கத்தில் போனால் பேச்சை வேறெங்கோ திருப்புகிறான். துண்டுகளைத் தயார் செய்து சின்னக் குழாய்களில் உறைய வைப்பது அவளுடைய பொறுப்பு. அவனும் அந்தக் குழாய்களிலிருந்துதான் எடுக்க வேண்டும். எடுக்கிறான், அளவு குறைகிறது, சரி. ஆனால் ஒரு நாள் ஃப்ரீசரின் அடித்தட்டை இழுத்தபோது, மற்ற பெட்டிகளில் பனி பொருக்குத் தட்டிக் கிடக்க, மூலவட்டம் இருந்த பெட்டிமேல் மட்டும் பனி இல்லை. யாரோ கை வைத்திருக்கிறார்கள், அதுவும் அடிக்கடி.

செய்து முடித்த வட்டம் அந்தக் குப்பிக்குள் இருக்கிறது. அதிலிருந்து துளியெடுத்து ஈஸ்ட்டுக்குக் கொடுத்தால் போதும், எத்தனை புள்ளி வேண்டுமானாலும் முளைக்கும், எல்லாமே நிஜமாகவும் இருக்கும். துண்டாவது, சேர்ப்பதாவது!

நேரில் கேட்கலாம். கேட்டால் உஷாராகிவிடுவான். அவள் வேறு வழி பார்த்தாள்.

டி.என்.ஏ.வில் சில எழுத்துகளை மாற்றினாலும் அதன் பொருள் மாறாத இடங்கள் உண்டு. அடுத்த முறை துண்டுகள் தயாரித்தபோது ஏழாம் துண்டில் அப்படி ஓர் இடத்தில் சில எழுத்துகளை மாற்றி வைத்தாள். வெளியே பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. எழுத்தெழுத்தாகப் படித்தால் மட்டுமே தெரியும். வண்ணான் குறி மாதிரி. அவன் தட்டில் முளைக்கிற புள்ளியில் அந்தக் குறி இருந்தால், இவள் கொடுத்த துண்டுகளைத்தான் சேர்த்திருக்கிறான் என்று அர்த்தம். குறி இல்லாவிட்டால், அது வேறெங்கிருந்தோ வந்தது.

யாரிடமும் மூச்சு விடவில்லை. புதுக் குழாய்களை வழக்கமான இடத்தில் வைத்தாள். அவன் எடுத்தான். தட்டு மறுபடியும் நிரம்பியது. அவன் சாப்பிடப் போன நேரத்தில், ஒரு மெல்லிய குச்சியால் அவன் தட்டிலிருந்து சில புள்ளிகளைத் தொட்டெடுத்து, எழுத்தைப் படித்துச் சொல்லும் பிரிவுக்கு அனுப்பினாள்.

பதில் வந்தது. எதிலுமே குறி இல்லை.

நியாயப்படி அவளுக்கு வெற்றிக் களிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே பேராசிரியர் அறைக்கு நடந்தாள்.

பேராசிரியரும் பெண்தான், அவளைவிடப் பத்து வயது மூத்தவர். அந்த அறையை வெறும் சுவராகப் பார்த்ததிலிருந்து இருவருக்கும் பழக்கம். முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"அவன்கிட்ட கேட்டியா?"

"கேட்டா மறைச்சுடுவாரு, மேடம்."

"கருத்தரங்குல பேசறேன்னு பேர் கொடுத்துட்டேன். உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். அதனாலதான் இன்னிக்கே வந்தேன்."

பேராசிரியர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அன்று மாலைக்குள் விசிலின் கதவு அட்டை வேலை செய்யாமல் போயிற்று. இரண்டு நாள் கழித்து விசாரணைக்கு வரும்படி தகவல் போயிற்று. அவன் வாசலில் நின்று அட்டையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துப் பார்த்ததை அவள் நடையின் மறுகோடியிலிருந்து பார்த்தாள். அவன் தலையைத் திருப்புவதற்குள் பக்கத்து அறைக்குள் நுழைந்துகொண்டாள்.

அன்று சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள். அவர் கையலம்பப் போனவர் அப்படியே நின்றார்.

"அந்த ஆளுகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

"நீங்களும் அதையே கேக்கறீங்களே! திருடன்கிட்ட போய்த் திருடினியான்னு கேக்கறதா?"

"அப்படி இல்ல. லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சுன்னா, உள்ள மாட்டிக்கிட்டவங்ககிட்டதான் முதல்ல கேப்போம். சத்தம் வந்துச்சா, ஆடுச்சா, விளக்கு போச்சான்னு. மோட்டார் ரூமெல்லாம் அப்புறம்தான். நீ உள்ள இருக்கறவனை விட்டுட்டு மத்த எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்திருக்கே."

"எனக்கு அத்தாட்சி இருக்கு."

"குறி இல்லைங்கறதுக்கு அத்தாட்சி இருக்கு. அவன் திருடினான்கறதுக்கு இருக்கா?"

அவள் தட்டுகளை அடுக்கினாள். இவருக்கென்ன தெரியும் என்று கோபம். ஆனால் அன்று தூக்கம் பிடிக்கவில்லை.

விசாரணை ஒரு சின்னக் கூட்ட அறையில் காலையில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள், தலைப்பக்கத்தில் பேராசிரியர். அவன் சட்டை கசங்கியிருந்தது. பேராசிரியர் குறியைப் பற்றிச் சொன்னதும் அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. ஏதோ கேட்கத் தெரியாமல் கேட்கிற பார்வை.

"ஏழாம் துண்டுல குறி வச்சீங்களா?"

"ஆமா."

"இருக்காது மேடம்" என்று பேராசிரியரிடம் சொன்னான். "அவங்க குழாய்ல இருந்த எதையுமே நான் பயன்படுத்தல."

"அளவு குறைஞ்சிருக்கே?" என்றாள் அவள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எடுத்து, கைகழுவற தொட்டியில கொட்டினேன்."

பேராசிரியர்தான் கேட்டார், "ஏன்?"

"அக்காவோட துண்டுங்க உடைஞ்சிருக்குன்னு எனக்குச் சந்தேகம். நீளமான டி.என்.ஏ. ஒவ்வொரு தரமும் உறைய வச்சு, உருக வச்சு, மறுபடியும் உறைய வச்சா நடுவுல அறுந்துடும். உறிஞ்சு கருவியோட சின்ன வாய் உள்ள பிளாஸ்டிக் முனையால வேகமா உறிஞ்சினாலும் அறுந்துடும். அதனால நான் காலைல வந்து புதுசாத் துண்டு எடுத்து, உறைய வைக்காம, அந்த பிளாஸ்டிக் முனையைக் கத்திரியால வெட்டி அகலமாக்கி, மெதுவா எடுத்து அன்னிக்கே ஈஸ்ட்டுக்குக் கொடுத்தேன்."

"இதை அவங்ககிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"அப்போ நான் வந்து ஒரு மாசம்கூட ஆகல. இத்தனை வருஷமா செய்யறவங்ககிட்ட உங்க குழாய் சரியில்லன்னு எப்படிச் சொல்றது? முதல்ல செஞ்சு காட்டிட்டு அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். எடுக்காம விட்டா அவங்களுக்குத் தெரிஞ்சுடுமேன்னுதான் கொட்டினேன். அது தப்புதான்."

அவளுக்கு முகம் சுட்டது. ஒரு பக்கம், நான் திருடன் என்று நினைத்தவன் திருடனில்லை போலிருக்கிறதே என்ற அதிர்ச்சி. இன்னொரு பக்கம், என் குழாயையா தொட்டியில் கொட்டினான் என்ற ஆத்திரம். இரண்டுக்கும் நடுவே, பழக்கதோஷத்தில், ஒரு கேள்வி தானாக எழுந்து நின்றது.

"புதுத் துண்டுகளை எதிலேர்ந்து எடுத்தீங்க?"

"மூலவட்டத்துலேர்ந்துதான். பன்னிரண்டு துண்டும் ஒரே இடத்துல இருக்கு, சுலபம்."

"நகல் எடுத்ததுக்கப்புறம் அந்த மூலவட்டத்தை நீக்கினீங்களா?"

"நீக்கல" என்றான் அவன் மெல்ல.

பேராசிரியர் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். இப்போது மூவர் மனதிலும் ஒரே விஷயம்தான் ஓடியது. முழு வட்டத்தை வைத்துத் துண்டுகளை நகலெடுத்தால், நகல்களோடு கொஞ்சம் முழு வட்டமும் குழாயில் தங்கிவிடும். ஈஸ்ட்டுக்குப் பன்னிரண்டையும் சேர்க்கும் வேலையே வேண்டாம். தங்கிப்போன முழு வட்டத்தை அப்படியே விழுங்கிவிட்டு முளைத்துவிடும். தட்டைப் பார்ப்பவனுக்கு அது சேர்த்ததா, விழுங்கியதா என்று தெரியாது. யாரும் திருட வேண்டிய அவசியமே இல்லை. தட்டே பொய் சொல்லும்.

"ஒரு துண்டை விட்டுட்டுச் செய்வோம்" என்றாள் அவள். "ஏழாம் துண்டு இல்லாம மத்த பதினொண்ணை மட்டும் கொடுப்போம். அப்பவும் முழு வட்டம் முளைச்சா, அது சேர்ந்து வந்தது இல்ல."

"நானே செய்யறேன்" என்றான் அவன்.

"ரெண்டு பேரும் சேர்ந்து செய்யுங்க" என்றார் பேராசிரியர். "குழாய் மேல அடையாளம் நான் போடறேன். எது எதுன்னு ரெண்டு பேருக்கும் தெரிய வேண்டாம். எனக்கு இப்போ உங்க ரெண்டு பேர் மேலயும் நம்பிக்கை இல்ல."

அந்த வேலையை அவர்கள் ஒரே மேசையில், தோளோடு தோள் இடிக்கிற தூரத்தில், வேலைக்கு வேண்டிய வார்த்தைகளைத் தவிர வேறு பேசாமல் செய்து முடித்தார்கள். "உப்புக் கரைசல்." "இந்தாங்க." "நேரமாச்சு." அவ்வளவுதான். அவன் விசிலடிக்கவில்லை. அவன் கத்திரியால் முனையை வெட்டி, குழாயின் அடியிலிருந்து தேன் எடுப்பதுபோல் மெல்ல உறிஞ்சுவதை அவள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குழாய் மூடியை இரண்டு முறை அழுத்துவதை அவனும் பார்த்தான்.

தட்டுகள் முளைக்கும்வரை காத்திருந்த அந்தச் சில நாளும் அவள் வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. தட்டு காலியாக வந்தால் அவன் சொன்னது முழுவதும் நிஜம். இவள் ஒரு நல்ல மனுஷனைத் திருடனென்று சொன்னவளாகிவிடுவாள். நிரம்பி வந்தால் அவனுடைய உழைப்பு பொய்யாகிவிடும். எதை வேண்டிக்கொள்வதென்றே அவளுக்குத் தெரியவில்லை.

பெட்டியைத் திறந்தபோது மூவரும் நின்றார்கள். பேராசிரியர் தட்டுகளை வெளியே எடுத்து மேசைமேல் பரப்பி, தன் அடையாளங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றை முன்னால் நகர்த்தினார்.

"இது ஏழாம் துண்டு இல்லாதது."

புள்ளிகள் இருந்தன. பன்னிரண்டும் கொடுத்த தட்டின் அளவுக்கு இல்லை. அதில் பாதிதான் இருக்கும். ஆனால் இருந்தன. சோதித்துப் பார்த்ததில், கொடுக்கப்படாத ஏழாம் துண்டு அவற்றுக்குள் அழகாக உட்கார்ந்திருந்தது.

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். காதெல்லாம் சிவந்திருந்தது. "அப்போ நான் செஞ்சது எல்லாம்..."

"பாதி" என்றார் பேராசிரியர். "பாதி விழுங்கினது. மீதி பாதி நிஜமாவே சேர்ந்ததா இருக்கலாம். கருத்தரங்குல பாதின்னு போய்ப் பேச முடியாது. நான் பேரை வாபஸ் வாங்கிடறேன்."

அந்தக் கருத்தரங்குக்காகப் பேராசிரியர் எத்தனை காலமாகக் காத்திருந்தார் என்பது அவளுக்குத் தெரியும். அவர் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வெளியே போனதும் அறையில் இருவர் மட்டுமே மிஞ்சினார்கள்.

"தம்பி" என்றாள். "உங்ககிட்ட முதல்ல கேட்டிருக்கணும். கேக்காம மேல போய்ச் சொன்னது என் தப்பு."

"ஆமாங்க மேடம்" என்றான் அவன்.

மேடம்! அவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. சண்டை போட்டிருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. அதன்பிறகு அவன் அவளை அக்கா என்று கூப்பிடவே இல்லை.

ஆனால் வேலை நிற்கவில்லை. ஒவ்வொரு துண்டையும் தனித்தனி மூலத்திலிருந்து நகலெடுத்தார்கள்; ஏழாவதற்கு அவள் குறி வைத்திருந்ததையே எடுத்தார்கள். எந்தக் குழாயிலும் முழு வட்டம் தங்குவதற்கு வழியே இல்லாமல் செய்தார்கள். பாதியை அவள் பழைய வழக்கப்படி உறைய வைத்தாள். மீதியை அவன் உறைய வைக்காமல் அன்றைக்கே பயன்படுத்தினான். அடையாளம் வழக்கம்போல் பேராசிரியருடையது. இந்த முறை ஏழாம் துண்டு இல்லாத தட்டு கிட்டத்தட்டத் துடைத்துவிட்டாற்போல் வந்தது; முளைத்த ஒன்றிரண்டும் வெறும் வட்டம்தான். உறைய வைத்த துண்டுகளின் தட்டில் அவளுக்கு நன்றாகப் பழக்கமான அதே சொற்பப் புள்ளிகள். உறைய வைக்காததில், உளுந்தைக் கொட்டினாற்போல் இல்லாவிட்டாலும், அதைப்போலப் பல மடங்கு. எழுத்தெழுத்தாகப் படித்ததில் பெரும்பாலானவற்றில் ஏழாம் துண்டின் குறி இருந்தது.

அவனுடைய சந்தேகம் சரி. வருஷக்கணக்காக அவள் பொறுப்பாக, சுத்தமாக, பெயரெழுதி, உறைய வைத்து உறைய வைத்து, அந்த நூல்களை அறுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எல்லாரையும் சந்தேகித்தவளுக்குத் தன் ஃப்ரீசரைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. அன்று மதியம் அவள் பழைய குழாய்ப் பெட்டிகளை எடுத்து, ஒவ்வொன்றாகத் திறந்து, குப்பையில் போட்டாள். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. அவன் நடையில் போகும்போது பார்த்துவிட்டு உள்ளே வந்தான். அடுத்த பெட்டியின் மூடியைத் திறந்தான்.

அதற்கப்புறம் அடுத்த கருத்தரங்கு வந்தது, பேராசிரியர் பேசினார், பேச்சில் இருவர் பெயரும் இருந்தது. அவர்கள் எழுதிய முறையில் முதல் வேலையே ஒரு துண்டை விட்டுவிட்டுத் தட்டுப் போடுவதுதான். வேறு கூடங்களிலிருந்து கற்றுக்கொள்ள வருபவர்களுக்கு அது பிடிப்பதில்லை. முளைக்கக் கூடாத தட்டுக்கு எதற்கு இத்தனை மெனக்கெடல் என்பார்கள். அவள் விளக்குவாள். அவன் அவள் சொன்னதைச் சரிபார்ப்பான். அவன் ஒரு முடிவைக் கொண்டுவந்தால் அவள் துளைத்தெடுப்பாள். நண்பர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவன் தட்டை அவள் பார்க்காமலும், அவள் தட்டை அவன் பார்க்காமலும் அந்த அறையிலிருந்து எதுவும் வெளியே போனதில்லை.

சில வருஷத்தில் அவனுக்கு வேறிடத்தில் சொந்தமாக ஓர் ஆய்வுக்கூடம் கிடைத்தது, போய்விட்டான். போகும்போது, "அங்க வந்து என் ஆளுங்களுக்கு ஒரு வாரம் சொல்லிக் கொடுங்க மேடம். சந்தேகப்பட" என்றான். கிண்டலா, நிஜமாகவே கூப்பிடுகிறானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் அவனிடமே கேட்டுவிட்டாள். நிஜமாகத்தான் என்றான்.

அவன் இடத்துக்கு ஒரு பெண் வந்தாள். நன்றாகப் படித்தவள், கொஞ்சம் பயந்த சுபாவம். முதல் நாளே சந்தேகக்கா அவளை ஃப்ரீசர் பக்கம் அழைத்துப் போய், "என் வேலைல உங்களுக்கு ஏதாவது சந்தேகம் வந்தா நேரா என்கிட்ட சொல்லிடுங்க. உங்க மேல எனக்கு வந்தா நானும் உங்ககிட்டதான் முதல்ல சொல்வேன்" என்றாள்.

அந்தப் பெண் வெளிறிப்போய்ப் பேராசிரியர் அறைக்கு ஓடினாள். "மேடம், நான் வந்த அன்னிக்கே அந்த அக்கா என்னைச் சந்தேகப்படறாங்க போலிருக்கு. நான் என்ன பண்ணினேன்?"

பேராசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றாமலே, பார்த்துக்கொண்டிருந்த திரையிலிருந்து தலையைத் திருப்பாமலே, "எங்கிட்ட ஏன் வந்தே? அவங்ககிட்டயே போய்க் கேளு" என்றார்.

அவள் தயங்கித் தயங்கித் திரும்பி வந்து கேட்டாள். அவளை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள் சந்தேகக்கா.